வீடு விற்காமல் இருக்க வைத்த கல்

என் அண்ணனை அடித்தவர்களில் ஒருவருக்கும் அவன்மேல் கோபம் இல்லை. அடித்துக்கொண்டே அழுதவர்கள் உண்டு. அவன் இரண்டு கையையும் பின்னால் வளைத்துப் பிடித்துக்கொண்டு நின்றவர் எங்கள் அப்பா. அடிக்க வழி சொன்னது என் வாய். இதை இப்படியே சொன்னால் ஒன்றும் விளங்காது. வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

வீடு எங்களுடையது இல்லை. நமுனுகுல மலைக்குக் கீழே, தேயிலை முடிகிற இடத்தில், வேலையிலிருந்து ஓய்ந்த ஒரு வெள்ளைக்காரத் துரை தனக்கென்று கட்டிக்கொண்ட கல்வீடு அது. தகரக் கூரை, இரண்டு புகைபோக்கி, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடி வழியே பார்த்தால் குளம். தேயிலைத் தொழிற்சாலைக்குத் தண்ணீர் எடுப்பதற்காக ஓடையை மறித்துக் கட்டிய குளம்தான். ஆனால் பழசாகி, கரையெல்லாம் கோரை முளைத்து, தானாக உண்டானது மாதிரி கிடக்கும். குளத்துக்கு அந்தப் பக்கம் மரம் இல்லை, செடி இல்லை. வெறும் புல்வெளி, மேடும் பள்ளமுமாக வானம் வரைக்கும். காற்று அங்கேயிருந்து புறப்பட்டு வந்து எங்கள் கதவில் மோதும்.

எங்கள் கதவு என்றது சமையல்கட்டான குசினிக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையின் கதவை. அப்பா துரையின் பூந்தோட்டக்காரர். அம்மா நாங்கள் இங்கே வருவதற்கு முன்பே செத்துப்போனாள். அண்ணனுக்கு இருபத்திரண்டு வயது. விறகு பிளப்பான், புல் வெட்டுவான், துரையின் காரைக் கழுவுவான். எனக்குப் பதினாறு. வீடு கூட்டுவேன், பாத்திரம் கழுவுவேன்.

மனைவி, எங்களுக்குத் துரைசாணி, செத்த பிறகு துரைக்கு இங்கே இருக்கப் பிடிக்கவில்லை. துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம், அவரும் ஏறினார். போவதற்கு முன் தன் இரண்டு நாய்களையும் புல்வெளிக்குக் கூட்டிப்போய் அவரே சுட்டார். வேறு யாரிடமும் விட மனசில்லையாம். குழி வெட்டியது அண்ணன். ஒரு நாய் முதல் சூட்டில் சாகவில்லை. துரை அடுத்த தோட்டாவைப் போடுவதற்குள் அது இழுத்துக்கொண்டு வந்து அண்ணன் காலடியில் படுத்துக்கொண்டதாம். அண்ணன் திரும்பி வந்து வெகுநேரம் கை கழுவினான். பிறகு சொன்னான்: “நம்மளச் சுடலயே, அதுக்கே கும்பிடணும்.”

எங்களுக்குப் போக இடமில்லை. அப்பா துரையிடம் வேலைக்கு வந்த அன்றே எஸ்டேட்டில் அவர் பேரை வெட்டிவிட்டார்கள். பேர் இல்லாதவனுக்குத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசையில் ஒரு காம்பரா, ஓர் அறை, கிடையாது. எங்கள் காம்பராவில் எப்போதோ வேறு குடும்பம் வந்துவிட்டது. பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்ட மனுவும் திரும்பி வந்துவிட்டது. இந்தியாவில் அப்பாவுக்கு ஒரு ஊர் உண்டு என்பார்கள். கைக்குழந்தையாக வந்தவர், ஊரின் பேரைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆக, மூன்று பேருக்கும் இந்த மண்ணில் இருந்தது அந்த ஒரு அறை.

பண்டாரவளையிலிருந்து ஒரு தரகர் வந்தார். கேட்டில் ஒரு பலகையை அடித்துவிட்டு, பத்திரிகையில் வந்த விளம்பரத்தை எடுத்து இங்கிலீஷில் படித்து எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

“கொளத்தப் பாத்த மலை வீடு. சுத்திவர வெட்டவெளி. நெருப்பு மூட்டிக் குளிர்காய ரெண்டு எடம். வேலைக்காரர் அறை. எல்லாம் காலியாக் கெடைக்கும்.”

“எல்லாம் காலின்னா, நாங்களுமாங்கய்யா?” என்றான் அண்ணன்.

“நீங்கதாண்டா மொதல்ல.”

அப்பா ரோசாச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “வர்றவரு நல்லவரா இருந்தா வச்சுக்குவாரு” என்றார். தரகர் சிரித்தார்.

வீடு பார்க்க வந்தவர்களில் ஒருவர் பதுளையில் அரசாங்க உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்து ஐயா. குடையை அண்ணனிடம் கொடுத்துவிட்டு அறை அறையாகச் சுற்றினார். கடைசியில் அண்ணனை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

“தம்பி, இந்த வீட்டிலை ஆராவது செத்தவையோ? ஒளிக்காமல் சொல்லும்.”

“இல்லீங்கய்யா. தொரைசாணிகூட ஆஸ்பத்திரியிலதான் செத்தாங்க.”

“அப்ப நல்ல வீடு” என்று சொல்லிவிட்டுப் போனார். விலை ஒத்துவராமல் அவர் பிறகு வரவில்லை. ஆனால் அண்ணன் அன்றைக்கு முழுக்கத் தன் தலையில் தானே அடித்துக்கொண்டான்.

“நான் ஒரு மடையன்டி. ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா மனுசன் ஸ்டேசனுக்குப் போயி கோச்சி புடிச்சு யாழ்ப்பாணம் மட்டும் ஓடியிருப்பாரு.”

“செத்த ஆளுக்கு எங்க போவ?”

“ஆளு எதுக்கு? சாமி போதும். பேய்னா வாங்க வர்றவன் மந்திரிச்சிட்டுக் குடி வந்துருவான். சாமின்னா எடத்துல கை வைக்க மாட்டான்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. விளையாட்டு மாதிரி. லயத்து ஆட்கள் எல்லாம் கொழுந்து நிறுக்கப் போயிருந்த ஒரு பகலில், பனி இறங்கி முன்னால் நிற்கிற ஆள் தெரியாத நேரத்தில், குளத்தங்கரைக்குப் போனோம். முழங்கால் உயரத்தில் கறுப்பாக ஒரு கல்லைப் பார்த்தான். சாக்கில் போட்டு ஆளுக்கு ஒரு முனையாகத் தூக்கி வந்தோம். கேட்டுக்கு வெளியே நின்ற பெரிய சவுக்கு மரத்தடியில் நட்டோம். சூலத்துக்கு, துரையின் சாமான் அறையில் துருப்பிடித்துக் கிடந்த மண்கிண்டுகிற முள்ளை எடுத்துத் தலைகீழாக நிறுத்தினான். அதற்கு நான்கு பல். ஒரு பல்லைக் கல்லில் வைத்து அடித்து முறித்தான்.

“நாலு பல்லு சூலம் எந்தச் சாமிக்கும் கெடையாது. கண்டுபுடிச்சிருவானுங்க” என்றான். நான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்து உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் சேவலைப் பிடித்து அவனே கழுத்தைத் திருகி, அறுத்து, இரத்தத்தைக் கல்லில் ஊற்றினான். சேவலின் கால் என் கைக்குள் வெகுநேரம் உதைத்தது. கறியைச் சமைத்தேன். சேவல் எங்கே என்று அப்பா கேட்டதற்கு, கீரி அடித்துப் போட்டிருந்தது, பறித்துக்கொண்டு வந்தேன் என்றேன். நன்றாகச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் அப்பா கல்லைப் பார்த்தார். ஓடி வந்து தரையில் நெடுக விழுந்தார். “முனி வந்து ஒக்காந்துட்டாருடா” என்று அழுதார். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அப்பாவிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் நடிக்க மாட்டார், உளறிவிடுவார் என்று அண்ணன் சொன்னான்.

வேலை செய்தது. கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் கார் பிடித்து வந்தது. டிரைவர் கல்லைக் கண்டதும் வண்டியை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிக் கும்பிட்டு, இதற்கு மேல் நான் ஓட்ட மாட்டேன் என்றான். அவர்கள் குளத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பினார்கள். பண்டாரவளையில் காய்கறிக் கடை வைத்திருந்த ஒருவர் வந்தார். அவர் மனைவி அண்ணனிடம், “ரொம்பத் துடியான சாமியா?” என்று கேட்டாள்.

“கேட்டுக்கு உள்ள பொம்பளைங்க தலைமுடி விரிச்சுப் போட்டா ரத்தம் கக்குவாங்கன்னு சொல்றாங்கம்மா. நான் பாத்ததில்ல” என்றான் அண்ணன், முகத்தை மிகவும் பணிவாக வைத்துக்கொண்டு. அந்த அம்மா கொண்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காருக்கு ஓடினாள்.

பிறகுதான் மூன்றாம் லயத்து அக்கா வந்தாள். அவளுக்கு நான்கு வயதில் ஒரே மகன். அதற்கு முன் பிறந்த மூன்றும் தங்கவில்லை. பையனுக்குக் காய்ச்சல் வந்து ஒன்பது நாள் கண் திறக்கவில்லை. தோட்டத்து டாக்டர் கையை விரித்துவிட்டார். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து கல்லின் மேல் கிடத்தி, தன் தலையைச் சவுக்கு மரத்தில் மோதி மோதி நெற்றியைக் கிழித்துக்கொண்டாள். “இவனைக் குடு, என்னை எடுத்துக்க” என்று கத்தினாள். நானும் அண்ணனும் வேலிக்குப் பின்னால் நின்றோம். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் பையன் கஞ்சி கேட்டான்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் கூட்டம் வந்தது. ஒருநாள் எஸ்டேட்டுக்கு உரம் ஏற்றி வந்த லொறியின் கிளீனர் ஒருவன் விவரம் தெரியாமல் கல்லுக்குப் பக்கத்தில் நின்று மூத்திரம் பெய்தான். கும்பிட வந்தவர்கள் அவனை இழுத்துப் போட்டு வாயில் மிதித்தார்கள். முன்பல் நான்கு போயிற்று. அவற்றைத் தேடிப் பொறுக்கித் துணியில் முடிந்துகொண்டு லொறியில் ஏறிப் போனான். அண்ணன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

“எடுத்துருவோமாண்ணே?” என்றேன்.

“எடுத்தா யாரு எடுத்தான்னு தேடுவாங்க. சொன்னா கொன்னுருவாங்க. இருக்கட்டும். வீடு விக்காம இருந்தாச் சரி.”

கவ்வாத்துக் காலம் வந்தது. தேயிலைச் செடியை முழங்கால் அளவுக்கு வெட்டிக் குறைப்பதைக் கவ்வாத்து என்போம். வெட்டத் தொடங்கும் முன் ஆண்கள் தங்கள் கத்திகளைச் சாமி முன்னால் அடுக்கிப் பூசை போடுவார்கள். கத்தி கையில் பாயக் கூடாது என்பதற்காக. எப்போதும் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் செய்வது அது. அந்த வருசம் பெரிய கங்காணி, மேலே முனியிடம் செய்வோம் என்று சொல்லிவிட்டார். காலை பத்து மணிக்கு நாற்பது கத்தியும் வாழையிலையில் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் பொட்டு. வெயில் பட்டு வரிசை முழுக்க மின்னியது. அப்பா வீட்டுக்குப் பின்னால் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் தரகர் ஒரு காரில் வந்தார். கூட வந்தவர் பதுளையில் பெரிய கடை வைத்திருந்த முதலாளி. வீட்டை வாங்கத் தீர்மானித்துவிட்டார், இந்தக் கல் ஒன்றுதான் தடை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இறங்கி நேரே வந்தார். காலில் போட்டிருந்த சப்பாத்தைக் கழற்றவில்லை.

“இதுதானா ஒங்க முனி?”

யாரும் பதில் சொல்வதற்குள் காலால் ஒரு தள்ளுத் தள்ளினார். நாங்கள் ஆழமாக நட்டிருக்கவில்லை. கல் சாய்ந்து, உருண்டு, கற்பூரத்தையும் எலுமிச்சம்பழத்தையும் நசுக்கிக்கொண்டு கத்தி வரிசையில் போய் இடித்து நின்றது.

“பாருங்க. கல்லு. வெறுங்கல்லு.”

பிறகு கத்திகள் இலையிலிருந்து எழுந்தன. எனக்கு அப்படித்தான் தெரிந்தது, ஆட்கள் தெரியவில்லை, கத்திகள்தான் தெரிந்தன. முதல் வெட்டை முதலாளி கையைத் தூக்கித் தடுத்தார். முழங்கைக்குக் கீழே சதை பிளந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. தரகர் காருக்குள் ஏறிக் கண்ணாடியை மேலே தூக்கிக்கொண்டார். அண்ணன் நடுவில் பாய்ந்து முதலாளியைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினான்.

“விடுங்க! அவரு சொல்றது நெசம்! அது சாமியில்ல, நான் வச்ச கல்லு! கொளத்துலேர்ந்து தூக்கிட்டு வந்தேன். சூலத்தப் பாருங்க, தொரையோட முள்ளு. ஒரு பல்ல நாந்தான் ஒடச்சேன். வீடு வித்துறக் கூடாதுன்னு பண்ணேன். இதுக்காக ஒரு மனுசன வெட்டிப் போடாதீங்க!”

எல்லோரும் அவனைப் பார்த்துத் திரும்பிய அந்த நேரத்தில் முதலாளி காரில் விழுந்தார், கார் போய்விட்டது. இப்போது கத்திகளுக்கு முன்னால் அண்ணன் மட்டும் நின்றான். மூன்றாம் லயத்து அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். இடுப்பில் அந்தப் பையன்.

“வெறுங்கல்லுன்னா எம்புள்ளய யாருடா காப்பாத்துனது? சொல்லுடா. யாருடா?”

அவள் பிள்ளையைக் கீழே விட்டுவிட்டு அவன் முகத்தில் அறைந்தாள். யாரோ, “வெட்டுடா அந்த நாய” என்றான். பெரிய கங்காணியின் மருமகன் கத்தியை ஓங்கினான். அப்போது நான் கத்தினேன்.

“அது எங்கண்ணன் இல்ல! அவன் பேசல! பேய் பேசுது! காலையிலேர்ந்து அவன் அவனா இல்ல!”

ஓங்கிய கை நின்றது. பெரிய கங்காணியின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் கோபம் வடிந்து ஒரு நிம்மதி வந்தது. எல்லோர் முகத்திலும் வந்தது. “ஆமா. கல்லச் சாய்ச்சதும் எறங்கிருச்சு. பையன் நல்ல பையனாச்சே” என்றார். கத்திகள் கீழே இறங்கின. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அண்ணனுக்குச் சாமியாடுகிறவர்களைப் போல நடித்துக் காட்டத் தெரியும், எங்களைச் சிரிக்கவைக்க எத்தனையோ தடவை ஆடியிருக்கிறான். கண்ணை மூடி இரண்டு சுற்று ஆடினால் போதும், திருநீறு போட்டு அனுப்பிவிடுவார்கள். கண்ணால் சாடை காட்டினேன்.

அவன் ஆடவில்லை. என்னை நேராகப் பார்த்துக் கேட்டான்: “ஏண்டி பொய் சொல்ற? சாக்கோட மறுமுனையப் புடிச்சது நீதானடி?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“பாத்தீங்களா, என்னையும் இழுக்குது” என்றேன்.

இந்த இரண்டாவது பொய்தான் என்னை உறுத்துவது. முதலில் சொன்னது அவனைக் காப்பாற்ற. இது என்னைக் காப்பாற்ற. இதை நான் யாரிடமும் பிரித்துச் சொன்னதில்லை.

கவ்வாத்து வெட்டிய காய்ந்த தேயிலைக் குச்சிகளை மிலாறு என்போம். எங்கள் அடுப்புக்காகப் போன வருசம் நான் சேர்த்துக் கட்டி வைத்த மிலாறு குசினிச் சுவரோரம் அடுக்கி இருந்தது. இரண்டு பேர் ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வந்தார்கள். அப்பா அவர்கள் பின்னாலேயே கரண்டியோடு ஓடி வந்தார். “ஒம் மவனப் புடிச்சிருச்சுய்யா, கையப் புடி, திமிர விடாத” என்றார் பெரிய கங்காணி. அப்பா கரண்டியைப் போட்டுவிட்டுப் பிடித்தார்.

“யாரு நீ?”

“நாந்தான்யா. ஒங்களுக்குத் தெரியாதா என்னை?”

அடி.

“எங்கேர்ந்து வந்த?”

“இங்கதான் இருக்கேன். பொறந்ததே இங்கதான்.”

அடி.

“இவன விட்டுப் போறியா இல்லியா?”

“கல்லு நான் வச்சது!”

அதைச் சொல்லச் சொல்ல இன்னும் அடித்தார்கள். உண்மையைச் சொன்னால் பேய் இன்னும் போகவில்லை என்று அர்த்தம். மிலாறு லேசாக இருக்கும், ஆனால் முறிந்த முனை கத்தி மாதிரி கிழிக்கும். சட்டை முதலில் போனது, பிறகு தோல். முதுகில் சிவப்புக் கோடுகள் விழுந்து, பிறகு கோடு தெரியாமல் முழுக்கச் சிவப்பானது. ஒரு குச்சி முறிந்து அவன் கண்ணோரம் குத்தி நின்றது. “பொறுத்துக்கப்பா, ஒன்ன அடிக்கல, அத அடிக்கிறோம்” என்று ஒருவர் அழுதுகொண்டே சொன்னார், அழுதுகொண்டே அடித்தார். அப்பா, “எம்புள்ளய விட்டுட்டுப் போயிரு, ஒனக்குக் கெடா வெட்டறேன்” என்று அவன் காதில் கெஞ்சிக்கொண்டே இருந்தார்.

நான் பக்கத்தில் போய் முணுமுணுத்தேன். “போறேன்னு சொல்லிருண்ணே. ஒரு வார்த்த.”

அவன் என் முகத்தில் துப்பினான். வெறும் இரத்தம்.

நான் அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நானும்தான் தூக்கினேன், அவன் சொல்வது சரி என்று. வாயைத் திறந்தேன். அந்தக் குச்சிகள் என் முதுகில் விழுவது தெரிந்தது, வாயை மூடிக்கொண்டேன். இன்னொன்றும் தோன்றியது. இந்தச் சாமி பொய் என்று ஆகிவிட்டால் வீடு விற்றுவிடும், அறை போய்விடும். என் அண்ணன் முதுகிலிருந்து தோல் உரிந்துகொண்டிருக்கும்போது எனக்கு அறையின் நினைப்பு வந்தது.

குச்சிக்குப் போகவில்லை, தண்ணீருக்குப் போகும் என்றார் பெரிய கங்காணி. காலையும் கையையும் பிடித்துக் குளத்துக்குத் தூக்கிப் போனார்கள். மூன்று முழுக்கு. மதகுப் பக்கம் ஆழம் என்று அங்கே முக்கினார்கள். முதல் முழுக்கில் திமிறினான். இரண்டாவதில் மதகுக் கல்லில் தலை இடித்தது, தேங்காய் உடைக்கிற மாதிரி ஒரு சத்தம். எனக்குக் கரையில் கேட்டது. மூன்றாவது முழுக்கிலிருந்து தூக்கியபோது அவன் மெதுவாக, “போறேன்... போறேன்...” என்றான்.

எல்லோரும் சந்தோசத்தில் கத்தினார்கள். அப்பா கரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அவனைத் தூக்கி வந்து வீட்டின் முன்பக்க அறையில், கண்ணாடிக்கு நேரே, நடுத்தரையில் கிடத்தினார்கள். எங்கள் குடும்பத்தில் ஒருவரும் அங்கே உட்கார்ந்தது கிடையாது. மூன்றாம் லயத்து அக்கா தன் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்து, தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, “தம்பி, நான் அறைஞ்சத மனசுல வச்சுக்காதய்யா” என்று தேத்தண்ணி ஊட்டினாள். வாய் வழியாகத் திரும்பி வந்தது. காதிலிருந்து இரத்தம் வந்துகொண்டே இருந்தது. பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு எல்லோரும் கத்திகளை எடுத்துக்கொண்டு போனார்கள். கல்லைத் திரும்ப நட்டுவிட்டுத்தான் போனார்கள், இந்த முறை ஆழமாக. நாலு மணி வெயிலில் அவன் மூச்சு நின்றது.

குளத்தில் வழுக்கி விழுந்தான் என்று லயத்து ஆட்கள் சொன்னார்கள், பொலிஸ்காரர் அப்படியே எழுதிக்கொண்டார். கூடிப் பேசி வைத்துக்கொண்ட பொய் இல்லை அது. பேயை ஓட்டினோம், உயிரும் சேர்ந்து போய்விட்டது, வேறென்ன சொல்வது என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். கை வெட்டுப்பட்ட முதலாளியும் வாய் திறக்கவில்லை, வீட்டுப் பக்கமும் வரவில்லை. தரகர் வந்து பலகையைக் கழற்றிக்கொண்டு போனார். இப்போதைக்கு விற்க முடியாது, தோட்டக்காரனே காவலுக்கு இருக்கட்டும் என்று துரை கடிதம் எழுதியிருந்தாராம். அறை எங்களுக்கு நின்றது.

ஒரு வருசத்துக்கு மேல் அப்படி இருந்தோம். அப்பா தினமும் கல்லுக்கு விளக்கு வைத்தார். “எம்புள்ளய எடுத்துக்கிட்ட. நான் ஒன்ன எதுவும் கேக்கல” என்பார். எண்ணெய்க் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். மூன்றாம் லயத்து அக்காவின் பையன் வந்து கல்லின் மேல் குதிரை ஏறி விளையாடுவான். நான் முன்பக்க அறையைக் கூட்டுவதை நிறுத்திவிட்டேன்.

போன மாசி மாதம் தரகர் மறுபடி ஒரு புருசன் பெண்சாதியைக் கூட்டி வந்தார். வயசானவர்கள், வாத்தியார் வேலையிலிருந்து ஓய்ந்தவர் அவர். அந்த அம்மா கண்ணாடிக்கு முன்னால் குளத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு குசினிப் பக்கம் வந்து என்னிடம் கேட்டாள்.

“புள்ள, ஊர்ல என்னென்னமோ சொல்றாங்க. நெசமா அங்க சாமி இருக்கா? இருந்தாச் சொல்லும்மா. கும்பிட்டுட்டுப் போயிர்றோம். வாங்கல.”

இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பா பக்கத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

“இல்லீங்கம்மா” என்றேன். “அது கொளத்துக் கல்லு. வீடு விக்கக் கூடாதுன்னு நானும் எங்கண்ணனும் சாக்குல தூக்கிட்டு வந்து வச்சோம்.”

விறகு அடுக்கும் சத்தம் நின்றது.

“அப்ப அன்னைக்கு அவன் பேசுனது?” என்றார் அப்பா.

“அண்ணன்தாம்ப்பா.”

“பேயில்ல?”

“இல்லப்பா. நான் சொன்னது பொய்யி.”

கையிலிருந்த விறகால் அடித்தார். அதுவரை அவர் என்மேல் கை வைத்ததே இல்லை. அந்த அம்மா அலறினாள், தரகர் ஓடி வந்தார், அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. நான் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. இடது கை எலும்பு முறிந்த சத்தம் கேட்ட பிறகுதான் விறகைக் கீழே போட்டார். போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்.

“விடுப்பா, விடுப்பான்னான்டி” என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. “பேய் எப்பிடி அப்பான்னு கூப்புடும்னு ஒரு நிமிசம் நெனச்சேன். நெனச்சேன்டி. நெனச்சிட்டுத்தான் இறுக்கிப் புடிச்சேன்.”

அவர்கள் வீட்டை வாங்கிக்கொண்டார்கள். மாத முடிவில் நாங்கள் வெளியேறினோம். இப்போது பதுளைக்குப் பக்கத்தில் ஹாலிஎலயில் ஒரு காய்கறிக் கடைக்குப் பின்னால், மூட்டைகளுக்கு நடுவில் படுக்கிறோம். அப்பா மூட்டை தூக்குகிறார். நான் ஒரு கையால் வெங்காயம் பொறுக்கிப் பிரிக்கிறேன். சோறு போட்டுக் கொடுத்தால் சாப்பிடுவார், என்னோடு பேசுவதில்லை. அவர் பேசாமல் இருப்பதே எனக்குச் சரி. பேசினால் அந்த ஒரு நிமிசத்தைப் பற்றித்தான் பேசுவார்.